பூட்டிய ஞாபகமும் கொத்தவரங்காயும்

அன்று கல்லூரி முதல்வர் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் முதல்வர் ஐயா. அவருக்கு வலது பக்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அலுவலகக் கண்காணிப்பாளர் சுந்தரம் சார். எதிர் நாற்காலியில் தத்துவத் துறைத் தலைவர் ஸ்டெல்லா மேடம். சுவரோரம் வாட்ச்மேன் பெருமாள். அவருக்குப் பக்கத்தில், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, தத்துவத் துறை அட்டெண்டர் வேலுச்சாமியாகிய நான். ஆக ஐந்து பேர். மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தது. துறைக்குப் புதிதாக வாங்கிய டேப் ரெக்கார்டர் வந்த பெட்டி. பெட்டி இருந்தது, டேப் ரெக்கார்டர் இல்லை.

இப்போது இதை எழுத வந்த காரணம் ஒரு கேமரா. போன மாதம் ஓய்வூதிய வேலையாகக் கல்லூரிப் பக்கம் போனேன். தாழ்வாரம் முழுக்கக் கேமரா மாட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அட்டெண்டராக இருக்கும் தம்பிகளுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே, இனிமே பூட்டுனியா பூட்டலையான்னு எவனும் நம்மளக் கேக்க முடியாது. படத்தப் போட்டுப் பாத்துக்கிற வேண்டியதுதான். உங்க காலத்துல என்னதான் பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று கவலை பிடித்துக்கொண்டது. ஓய்வூதியர் சங்க மலருக்கு எழுதிக் கொடுத்தால் கவலை தீரும் என்று எழுதுகிறேன்.

கவலை எனக்குப் பிறவிக் குணம். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு வறுமை காரணம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி கணக்குப் பரீட்சை. முதல் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, சரிதானா என்று பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். பார்த்தது சரியா என்று மறுபடி பார்ப்பேன். மணி அடித்துவிடும். வாத்தியார் தாளைப் பிடுங்கிக்கொண்டு, "ஏலே, ஒரு கணக்குக்குத்தான் மார்க் போட முடியும்டா" என்றார். அந்த ஒரு கணக்கு சரி.

பிறகு சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் கொஞ்ச காலம் மடித்து அடுக்கும் வேலை. அதன்பின் திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியில் தோட்ட வேலை, தண்ணீர் வைக்கும் வேலை, கடைசியாக அட்டெண்டர் வேலை. எந்தத் துறைக்குப் போகிறாய் என்று கேட்டபோது, சாமான் குறைவாக இருக்கும் துறையாகப் பார்த்துப் போடுங்கள் என்றேன். சாமான் குறைந்தால் கவலை குறையும் என்று கணக்குப் போட்டேன். தத்துவத் துறையில் போட்டார்கள். அங்கே இரண்டு மேசை, ஒரு பீரோ, ஒரு கரும்பலகை. உடைகிற பொருள் என்று பார்த்தால் சாக்பீஸ் மட்டும்தான்.

ஸ்டெல்லா மேடம் நான் சேர்ந்த மறு வருஷம் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். அப்பா திராட்சை போட்டவர். மேடம் வகுப்புக்குப் புத்தகம் கொண்டுபோக மாட்டார். கைப்பையில் ஒரு கொய்யாப்பழம் மட்டும் இருக்கும். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு ஒரு நடைமுறை சொன்னார்.

"வேலண்ணே, சாயங்காலம் போர்டு துடைக்கிறப்ப பதிலை எல்லாம் அழிச்சிருங்க. கேள்விய மட்டும் அழிக்காதீங்க."

எனக்கு அன்று பஸ் போய்விட்டது. பலகையில் எது கேள்வி, எது பதில் என்று எனக்கு எப்படித் தெரியும்? 'தெரியும் என்பது எப்படித் தெரியும்' என்று எழுதியிருந்தார். கேள்வி மாதிரியும் இருந்தது, பதில் மாதிரியும் இருந்தது. முழுசாக விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் பார்த்துவிட்டு, "சந்தேகம்னா அழிக்காம விட்டீங்க பாருங்க, அது போதும்" என்றார். அன்றிலிருந்து அதுவே எங்கள் துறை வழக்கம்.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எது சொன்னாலும், "பாத்தீங்களா, கேட்டீங்களா, நெனச்சீங்களா?" என்பார். மாணவர்களிடம் மட்டுமில்லை. முதல்வரிடம், காய்கறிக்காரரிடம், என்னிடம், எல்லாரிடமும். ஒருநாள் வகுப்பு நடக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சிறுமலையில தீப் புடிச்சிருக்கு மேடம்" என்றேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். அந்தா பாருங்க புகை."

"அப்ப நீங்க பாத்தது புகை. தீ நீங்க நெனச்சது."

கொஞ்ச நேரத்தில் அந்தப் புகை மெல்ல நகர்ந்து மலையைவிட்டே கிளம்பிப் போனது. மேகம். மேடம் கொய்யாவைக் கடித்துக்கொண்டே, "புகையும் நெனச்சதுதான் போல" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பலகையில் காண்டல், கருதல், உரை என்று மூன்று சொற்களை எழுதினார். நாமாகக் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, பிறர் சொல்லிக் கேட்டது. மனுசனுக்கு எந்த விஷயமும் இந்த மூன்று வாசலில் ஒன்றின் வழியாகத்தான் வருகிறதாம். எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மறந்துவிடுவதில்தான் பாதிச் சண்டை வருகிறதாம். நம் பக்கத்துப் பெரியவர்கள் எப்போதோ யோசித்து வைத்தது என்றார்.

எங்கள் அறை ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை பாதிதான் தெரியும். மீதியைச் சுவர் மறைத்துவிடும். மனுச அறிவுக்கு எல்லை எங்கே என்று ஒரு பையன் கேட்டபோது மேடம் அதைத்தான் காட்டினார். "ஜன்னலத் தாண்டி நம்மால பாக்க முடியாது. ஆனா நாம ஜன்னல் வழியாப் பாக்குறோம்னு தெரிஞ்சுக்க முடியும். பாறை அம்புட்டுத்தான்னு மட்டும் சொல்லிறக் கூடாது." நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பேன். எனக்குப் புரிந்ததாக நினைத்துக்கொள்வேன். புரிந்ததா என்று மறுபடி யோசிப்பேன்.

என் வியாதிக்கு வருகிறேன். சாயங்காலம் துறையைப் பூட்டுவேன். ஊரோ பூட்டுக்குப் பேர்போன ஊர். எங்கள் கல்லூரியிலோ எங்கிருந்தோ வாங்கிய அமுக்குப் பூட்டு. பூட்டச் சாவி வேண்டாம், அமுக்கினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். சில நாள் பிடித்தது மாதிரிச் சத்தம் போட்டுவிட்டுப் பிடிக்காமலும் இருக்கும். நான் அமுக்கிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். வாசல் டீக்கடை வரை போவேன். பூட்டினோமா? ஞாபகம் இருக்கும். ஆனால் அது இன்றைக்குப் பூட்டிய ஞாபகமா, நேற்றுப் பூட்டியதா? திரும்பி வருவேன். பூட்டு தொங்கும். இழுப்பேன். மறுபடி போவேன். சின்னாளப்பட்டி பஸ் கண் முன்னால் போகும். டீக்கடையில், "என்னண்ணே, பூட்டு நல்லாருக்கா? நாங்க கேட்டதாச் சொல்லுங்க" என்பார்கள்.

ஒருநாள் மேடம் இதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்.

"வேலண்ணே, வெளிநாட்டுல ஒரு பெரிய அறிஞர் இருந்தாரு. எதையெல்லாம் சந்தேகப்பட முடியுமோ அத்தனையையும் சந்தேகப்பட்டுப் பாத்தாரு. தன் கையக்கூட."

"அவருக்கும் இந்த வியாதியா மேடம்?"

"ஆமா. ஆனா அவரு புத்தகம் எழுதிட்டாரு. நீங்க பஸ்ஸ விட்டுட்டீங்க."

பிறகு வைத்தியம் சொன்னார். "உங்களுக்கு ஞாபக மறதி இல்லண்ணே. எல்லா நாளும் ஒண்ணுபோல இருக்குறதுதான் கஷ்டம். பூட்டுன ஞாபகம் எல்லாம் ஒரே குவியலாக் கெடக்கு, இன்னைக்கு உள்ளத எப்பிடித் தனியா எடுப்பீங்க? அதுமேல ஒரு அடையாளம் போடுங்க. பூட்டுறப்ப அன்னைக்கு மதியம் சாப்பிட்ட வெஞ்சனத்தச் சத்தமாச் சொல்லுங்க. 'இன்னைக்குப் புடலங்காய், பூட்டியாச்சு'ன்னு. அப்புறம் சந்தேகம் வந்தா, புடலங்காயோட பூட்டுனமான்னு கேட்டுக்கங்க."

சிரிக்காதீர்கள். அது வேலை செய்தது. 'கத்தரிக்காய், பூட்டியாச்சு. கீரை, பூட்டியாச்சு.' தாழ்வாரத்தில் போகிற பிள்ளைகள் தினமும் என் வீட்டுச் சமையலைத் தெரிந்துகொண்டார்கள். ஒரே மாதத்தில் திரும்பிப் போவது நின்றது. வீட்டுக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேர ஆரம்பித்தேன். என் மனைவி பாக்கியம், "கல்லூரியில வேலையக் குறைச்சுட்டாங்களா?" என்று பயந்தாள்.

இந்த நிம்மதியில் இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

கல்லூரியில் விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுவோம். அந்த வருஷம் அது வியாழக்கிழமை. இயற்பியல் ஆய்வகத்தில் எல்லாத் துறைச் சாமான்களையும் கொண்டுவந்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி, சுண்டல் கொடுப்பார்கள். தத்துவத் துறைக்கு ஆயுதம் கிடையாது என்று மற்றத் துறைகள் வருஷா வருஷம் கிண்டல் செய்வார்கள். மேடம் ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்து அனுப்புவார்.

சாயங்காலம் நான் துறையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை வந்து திறந்தேன். பூட்டு பூட்டித்தான் இருந்தது. பீரோ மேல் அட்டைப்பெட்டி இருந்தது. மேடம் வகுப்புக்குக் கேட்டார் என்று பெட்டியைத் தூக்கினேன். காற்றைத் தூக்கின மாதிரி வந்தது.

மாற்றுச் சாவிகள் அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். அலுவலகச் சாவி வாட்ச்மேன் பெருமாளிடம் இருக்கும். பெருமாள் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்கி முதுகு போனபிறகு இங்கே வாட்ச்மேனாக வந்தவர். அதுவும் தற்காலிக வேலை. அவரை நிரந்தரமாக்கும் பரிந்துரை அந்த வாரம்தான் முதல்வர் கையெழுத்துக்காக மேசையில் இருந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

அவரைக் கேட்டபோது அவர் சொன்னது: "வியாழக்கெழம பொழுது சாயறப்ப சுத்தி வந்தனுங்க. தத்துவ ரூம்புப் பூட்டு வாயத் தொறந்துக்கிட்டு நாதாங்கில தொங்குச்சுங்க. நானு ஒரு அமுக்கு அமுக்கிப்போட்டுப் போனனுங்க. அம்புட்டுத்தானுங்க."

பாருங்கள், முடிச்சு எங்கே விழுந்தது என்று. நான் பூட்டியது உண்மையானால் பெருமாள் சொல்வது பொய். பொய் சொல்கிறவர் கையில் சாவியும் இருக்கிறது. அப்புறம் யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை. நான் பூட்டவில்லை என்றால் கவனக் குறைவு, எனக்கு மெமோ. சுந்தரம் சார் என்னை மாடிப்படி ஓரம் கூட்டிப்போய், "வேலு, பூட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உனக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கிறேன்" என்றார். கெட்டவர் இல்லை. ஒரு விஷயம் என்றால் அது சாயங்காலத்துக்குள் முடிந்தாக வேண்டும் அவருக்கு.

பெருமாள் என்னிடம் கெஞ்சவில்லை. டீக்கடையில் பார்த்தபோது, "ஏனுங்க வேலண்ணா, பூட்டுனேன்னா எனக்கு வேலை போச்சுங்க. பூட்டலேன்னா உங்களுக்கு மெமோங்க. பேசாம, சரஸ்வதியே வந்து பூட்டுச்சுன்னு சொல்லிப்போடுங்க, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் வாங்கின டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் நான் படுத்திய பாட்டைப் பாக்கியம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். எனக்குப் பூட்டிய ஞாபகம் இருந்தது. அடையாளமும் இருந்தது. 'கொத்தவரங்காய், பூட்டியாச்சு.' சொன்னது காதில் கேட்கிறது. கொத்தவரங்காய் வியாழக்கிழமை வெஞ்சனமா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

"பாக்கியம், வியாழக்கிழமை என்ன வெஞ்சனம் வச்சு விட்ட?"

"கொத்தவரங்காய்."

எனக்கு உயிர் வந்தது. அப்போ பூட்டிவிட்டேன். அடுத்த நொடி பெருமாள் முகம் ஞாபகம் வந்து வந்த உயிர் போனது. பிறகு என் பழைய பழக்கம் தலை தூக்கியது. சரிபார்க்க வேண்டுமே.

"அப்ப புதன்கிழமை?"

"கொத்தவரங்காய்தான்."

"ரெண்டு நாளுமா?"

"நாகல் நகர்ல மலிவா விக்கிறான்னு ரெண்டு கிலோ வாங்கியாந்தது யாரு? நீங்கதான வாங்கியாந்தீக! அதப் பொங்கல் வரைக்குமா வச்சிருப்பாங்க? செவ்வாய்க்கிழமையும் அதான். எனக்கே அதப் பாத்தா எரிச்சலா வருது!"

மூன்று நாளும் கொத்தவரங்காய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அந்த வாரம் கொத்தவரங்காய் குவிந்துபோனதற்கு நான் என்ன செய்ய? மேடம் கொடுத்த அடையாளம் மூன்று நாளுக்கும் ஒன்றாகப் போய்விட்டது. குவியல் மறுபடி குவியலாகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஐந்து பேரும் முதல்வர் அறையில் கூடினோம். சுந்தரம் சார் பேனாவைத் தாளில் வைத்தார்.

"வேலு, பூட்டுனியா, பூட்டலையா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"பூட்டுன ஞாபகம் இருக்கு சார்."

"சரி, பூட்டியாச்சு. எழுதிக்கிறேன்."

"செத்த இருங்க சார்," என்றார் ஸ்டெல்லா மேடம். "ஞாபகம் இருக்குன்னுதான் சொன்னாரு. பூட்டுனேன்னு சொல்லல. வேலண்ணே, எந்த நாள் ஞாபகம்?"

நான் கொத்தவரங்காய்க் கதையைச் சொன்னேன். நாகல் நகர், இரண்டு கிலோ, பாக்கியத்தின் எரிச்சல் எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். பாதியில் முதல்வர் ஐயா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுந்தரம் சார் மட்டும், "கொத்தவரங்காய எப்பிடிங்கய்யா விசாரணையில எழுதுறது?" என்றார்.

"எழுதாதீங்க. 'தெரியாது'ன்னு எழுதுங்க," என்றார் மேடம். பிறகு பெருமாள் பக்கம் திரும்பினார். "நீங்க பூட்டு தொறந்து கெடந்ததப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தனுங்க மேடம். கையில புடிச்சு அமுக்குனனுங்க."

"கதவைத் தொறந்து உள்ள பாத்தீங்களா?"

"இல்லீங்க. கதவு சாத்தித்தான் இருந்துச்சுங்க."

"சரி. இப்ப எல்லாரையும் ஒண்ணு கேக்குறேன்," என்று மேடம் எழுந்து நின்றுகொண்டார். வகுப்பில் நிற்பது மாதிரியே. "வியாழக்கிழமை சாயங்காலம் டேப் ரெக்கார்டர் அந்த அறையில இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"என்ன மேடம் இது, பீரோ மேலதான இருந்துச்சு!" என்றார் சுந்தரம் சார். "நானே அன்னைக்குப் பூஜைக்குக் கூப்பிட வந்தப்ப பாத்தேனே."

"ரெக்கார்டரப் பாத்தீங்களா?"

சுந்தரம் சார் மேசையில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"நானும் பெட்டியத்தான் பாத்தேன்," என்றார் மேடம். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "இத்தனை வருசமா 'பாத்தியா, நெனச்சியா'ன்னு பிள்ளைகளப் போட்டுக் குடையுறேன். தெனமும் அந்தப் பெட்டியப் பாத்துட்டு ரெக்கார்டர் இருக்குன்னு நானே நெனச்சிட்டேன் பாருங்க. ரெக்கார்டர நான் கண்ணால கடைசியாப் பாத்தது செவ்வாய்க்கிழமை வகுப்புல. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றேன். பூட்டும்போது பெட்டியைத்தான் பார்த்திருந்தேன். அதுகூட எந்த நாள் என்று தெரியாது. ஆனால் 'தெரியாது' என்று வாய்விட்டுச் சொன்னதும் கழுத்து வியர்வை நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விடையை மறுபடி சரிபார்க்கத் தோன்றவில்லை.

முதல்வர் ஐயா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், கீழே வைத்தார். "அப்ப ஒண்ணுமே தெரியலன்னா நான் எப்பிடிங்க முடிவு எடுக்கிறது? இந்தப் பரிந்துரையில 'நன்னடத்தை'ன்னு நான் கையெழுத்துப் போடணும். இன்னைக்கே அனுப்பணும். தெரியாதுன்னு சொல்லி அதை நிறுத்தி வைக்க முடியாது."

இது நியாயமான கேள்வி. தெரியாது என்று சொல்லிவிட்டு நானும் மேடமும் வீட்டுக்குப் போகலாம். அவர் போக முடியாது. பெருமாள் அண்ணாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் காலிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தெரியாம முடிவு எடுத்தா, தப்பாப் போக எடம் இருக்கத்தான் செய்யும் ஐயா. எந்தப் பக்கம் தப்புனா திருத்தலாம்னு பாருங்க. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு இவர்தான் எடுத்தாருன்னு கையில கெடைச்சா, அப்ப நடவடிக்கை எடுக்க உங்களுக்கு வழி இருக்கு. இன்னைக்குத் திருடன்னு அனுப்பிட்டு, நாளைக்கு அந்த ரெக்கார்டர் வேற எங்கயாச்சும் இருந்து வந்தா, இவர் பேரை எந்த பீரோவுல இருந்து எடுத்துத் திருப்பிக் குடுப்பீங்க?"

"அப்ப யாரைத்தான் புடிக்கிறது?" என்றார் சுந்தரம் சார், பாவமாக.

"யாரையும் புடிக்காம இருக்கிறதும் ஒரு முடிவுதான் சார்," என்றார் முதல்வர் ஐயா. சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்ட பேனா சுந்தரம் சாருடையது.

வெளியே வந்ததும் பெருமாள் தாழ்வாரத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொத்தவரங்காய் நெசமாலுமே மூணு நாளுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "உங்க வீட்டம்மாவுக்குக் கோயில் கட்டோணுமுங்க," என்றார்.

ரெக்கார்டர் அந்த வார வெள்ளிக்கிழமையே கிடைத்தது. இயற்பியல் ஆய்வக அட்டெண்டர் அந்தோணி ஏதோ கம்பிச் சுருள் தேடி அடித்தட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். மஞ்சள் துணியில் சுற்றின பொட்டலம் ஒன்று. பிரித்தால் எங்கள் ரெக்கார்டர். நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம், காய்ந்த செவ்வந்தி ஒன்று. தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருய்யா கொண்டாந்து வச்சது?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னண்ணே தெரியும்? அன்னைக்கு ஆளாளுக்குக் கொண்டாந்து வச்சாங்க. பூஜைக்கு முன்னாடியும் வச்சாங்க, பூஜை முடிஞ்சு சுண்டல் குடுக்கிறப்பயும் வச்சாங்க, சாயங்காலம் நான் கதவச் சாத்தப் போறப்பக்கூட ரெண்டு பேரு நீட்டுனாங்க. எல்லாத்துக்கும் நான்தான் பொட்டு வச்சேன். நான் அந்தோணியாரு பேரு வச்சவன், வர்ற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கவே எனக்குக் கையி சரியாப் போச்சு. சாமான் என்னன்னே பாக்கல, ஆளு மொகத்த யாரு பாத்தா?"

எங்கள் துறைக்கும் ஒரு ஆயுதம் வேண்டும் என்று எந்த மாணவனோ மாணவியோ ஆசைப்பட்டிருக்க வேண்டும். அப்புறம் ஊரே தேடுவதைப் பார்த்துப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். இது நான் நினைப்பது. பார்த்தது இல்லை. மேடம் வகுப்பில் பொதுவாக, "யாரோ நம்ம துறைய மதிச்சிருக்கீங்க, ரொம்ப நன்றி" என்று மட்டும் சொன்னார். சந்தனத்தைத் துடைக்க வேண்டாம் என்றார். அந்த ரெக்கார்டர் கடைசிவரை பொட்டோடுதான் பாடியது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மேடம், பெருமாள், நான். பெருமாள் இந்தத் தடவை டீயை முழுசாகக் குடித்தார். குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"ரெக்கார்டர் கெடைச்சுப்போச்சுங்க. ஆனா வேலண்ணா அன்னைக்குப் பூட்டலீங்க. நாந்தானுங்க அமுக்குனேன்."

"நான் பூட்டுனேன்யா. கொத்தவரங்காய் சொன்னேன்."

"பத்து ரூவா பந்தயமுங்க."

"பத்து ரூவா."

இரண்டு பேரும் மேடத்தைப் பார்த்தோம். மேடம் கைப்பையிலிருந்து கொய்யாவை எடுத்து, துடைத்து, ஒரு கடி கடித்து யோசித்தார். "பூட்டாமப் போயிருக்கலாம். அமுக்கியும் பூட்டு பிடிக்காம நின்னிருக்கலாம். நீங்க பூட்டுனப்புறம் யாராச்சும் அலுவலகத்துச் சாவிய எடுத்துத் தொறந்து, ரெக்கார்டர எடுத்துட்டு, பூட்ட மறந்து போயிருக்கலாம். தீர்ப்புச் சொல்ல ஆதாரம் இல்ல. பந்தயம் செல்லும், பணம் இப்போதைக்கு யாரும் குடுக்க வேண்டாம்," என்றார்.

கேமரா மாட்டிய தம்பிகளுக்கு என் பதில் இதுதான். கேமரா நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் பூட்டை அமுக்கும் கையை அது காட்டும். பூட்டுக்குள் பிடித்ததா இல்லையா என்பதைக் காட்டுமா? அந்தப் பெட்டியைக் காட்டும். பெட்டிக்குள்ளே? அதையும் பார்த்துவிட்டு, "பாத்தோமா, நெனச்சோமா" என்று கேட்டுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கேட்டும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை உங்களுடையதுதான், தைரியமாக இருங்கள். கவலைப்படுகிற ஆள் என்றால் இன்னும் விசேஷம்.

மேடம் ஓய்வு பெற்று ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். பெருமாள் நிரந்தரமாகி, முழு ஓய்வூதியத்தோடு ஒட்டன்சத்திரம் போய்விட்டார். அவருடைய இளைய மகள் கல்யாணத்துக்கு நானும் பாக்கியமும் போயிருந்தோம். பந்தியில் கொத்தவரங்காய்ப் பொரியல் வைத்திருந்தார், வேண்டுமென்றே. நான் மொய்க் கவரை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க வேலண்ணா, அந்தப் பணமும் இதுல சேந்திருக்குதுங்களா?"

"இது மொய்யி. அத நீதான்யா எனக்குத் தரணும்."

"அது எப்பிடிங்க? நீங்கதானுங்க தரோணும்."

யார் யாருக்குத் தர வேண்டும் என்பது இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. எவ்வளவு என்பதில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது. பத்து ரூபாய்.